ஆளில்லாத கப்பல் அறையும் மலிவுச் சீட்டும்

கப்பல் புறப்பட இன்னும் முப்பத்தாறு மணித்தியாலங்களே இருந்தன. வீட்டில் முடிக்கவேண்டிய வேலைகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கையிலுள்ள பணம் போதுமா என்ற கேள்வியும் நின்றது. 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி இலண்டனில் ஒரு கழகத்தின் விருந்து மேசையில் இந்த இக்கட்டில் அகப்பட்டவர் ஆங்கில எழுத்தாளர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 'வனிற்றி ஃபெயார்' நாவல் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. சஞ்சிகைகளுக்கு எழுதிப் பெறும் ஊதியத்திலேயே அவர் காலந்தள்ளிக்கொண்டிருந்தார்.

நண்பர் ஒருவர் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரப் புறப்படுகிறார். மோல்டா, ஏதென்ஸ், கொன்ஸ்தாந்திநோபிள், ஜெருசலேம், கெய்ரோ என்று இரண்டே மாதங்களில் எல்லாவற்றையும் கண்டு திரும்பலாம் என்கிறார். தாக்கரே தயங்குகிறார். 'கப்பல் நிறுவனத்தின் இயக்குநர்கள் என் நண்பர்கள். உமக்கு ஓர் இடத்தை அன்பளிப்பாகவே தருவார்கள்' என்று நண்பர் சொன்னதும் தயக்கம் அகன்றுவிட்டது. இரண்டு நாள்களில் சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து 'லேடி மேரி வூட்' என்ற நீராவிக் கப்பலில் அவர் புறப்பட்டுவிட்டார். டிட்மார்ஷ் என்ற புனைபெயரில் அவர் எழுதிய அந்தப் பயணநூல் 1846இல் வெளியாயிற்று. மேலே சொன்ன விபரங்கள் எல்லாம் அந்நூலின் முன்னுரையில் அவரே நகைச்சுவையோடு தந்தவை.

கடைசி நேரத்தில், குறைந்த செலவில் உல்லாசக் கப்பற் பயணம் போவதெப்படி என்பது இணையம் வந்தபின் எழுந்த கேள்வி என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அதன் வயது நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேல்.

தாக்கரேக்கு இடம் கொடுத்த நிறுவனம் 'பி அன் ஓ' என்று நம் நாட்டிலும் நன்கு அறியப்பட்ட கப்பல் கம்பனி. அதன் நிறுவுநர்களுள் ஒருவர் ஆதர் அண்டர்சன். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, நோர்வேயை நோக்கிக் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளில் 1792இல் பிறந்தவர். 1830களின் நடுப்பகுதியில் அவர் தமது தீவுக்காக ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். புதிய பத்திரிகைக்கு விளம்பரங்கள் எங்கிருந்து வரும்? இடத்தை நிரப்ப அவரே சில கற்பனை விளம்பரங்களை எழுதினார். ஷெட்லாந்து, பரோ தீவுகள், ஐஸ்லாந்து ஆகியவற்றை நீராவிக் கப்பலில் சுற்றிக் காட்டும் இன்பப் பயணம் ஒன்று அவற்றுள் ஒன்று. அப்படியொரு கப்பல் அன்று இருக்கவில்லை. இன்று ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஒரு தொழிலின் முதல் விளம்பரம் என்று பலரும் குறிப்பிடுவது, பக்கம் நிரப்ப எழுதப்பட்ட அந்தச் சில வரிகளைத்தான்.

பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு இதில் ஒரு பொருத்தம் உடனே புலப்படும். நான் ஆசிரியபீடத்தில் இரவுக் கடமை பார்த்த காலத்தில், விளம்பரப் பகுதியினர் விற்கத் தவறிய இடத்துடன் பக்கம் வந்து சேரும். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு சதமும் பெறுமதியில்லை. ஆகவே பின்னிரவில் யாராவது அரைவிலைக்குக் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவார்கள். கப்பலின் அறையும் இத்தகையதே. நங்கூரம் தூக்கப்பட்ட பின்னர் ஆளில்லாத அறை அந்தப் பயணம் முழுவதும் வெறும் இரும்புப் பெட்டி. நாளைக்கு விற்கலாம் என்று அதைக் களஞ்சியத்தில் எடுத்து வைக்க முடியாது.

இந்த விடயத்தை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இலண்டனில் வசிக்கும் என் சகோதரியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். திருமணத்தின் வெள்ளிவிழாவுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. செலவழிக்கக்கூடியது அறுநூறு பவுண். "மாமா, சவுதாம்ப்டனிலை இருந்து நோர்வேக்குப் போற கப்பலிலை கடைசிநேரச் சீட்டு மலிவாய் விட்டிருக்கிறாங்கள், எடுக்கட்டோ?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன மறுமொழியைக் கீழே தருகிறேன். அதற்கு முன்னர் அந்த மலிவுக்குப் பின்னாலுள்ள வரலாற்றை வாசகர்கள் அறிவது நல்லது. ஏனெனில், மலிவுச் சீட்டு ஒன்றைக் கண்டால் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த அறை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? குறைந்த விலையின் மிகுதியை யார் கட்டுகிறார்கள்?

தாக்கரே விடயத்தில் இரண்டுக்கும் மறுமொழி தெளிவானது. பி அன் ஓ கப்பல்கள் பிரித்தானிய அரசின் தபால் ஒப்பந்தத்தில் ஓடியவை. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் தபால் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும். ஆகவே வெற்றிடங்கள் இருந்தன. அடிப்படைச் செலவைத் தாங்கியது அரச பணம். எழுத்தாளர் ஒருவரை இலவசமாக ஏற்றினால் அவர் எழுதும் நூல் விளம்பரமாகும் என்பதை இயக்குநர்கள் அறிந்திருந்தார்கள். தாக்கரே சென்ற அதே 'லேடி மேரி வூட்' மறு ஆண்டு, 1845இல், நமது காலித் துறைமுகத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹொங்கொங் செல்லும் தபால் சேவையைத் தொடக்கி வைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி அக்கப்பல் சிங்கப்பூரை அடைந்தபோது, இலண்டன் தபால் நாற்பத்தொரு நாள்களில் வந்துவிட்டதென்று ஊரே வியந்தது. உல்லாசப் பயணமும் பேரரசின் தபால் மூட்டையும் ஒரே கப்பலில் பிறந்தவை.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் ஜேர்மனியரான அல்பேர்ட் பலின். ஹம்பேர்க் நகரில் குடிபெயர்வோருக்குக் கப்பற் சீட்டு விற்ற யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹம்பேர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தவர். குளிர்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரம் கொந்தளிக்கும். அப்போது பயணிகள் குறைந்துவிடுவர். ஆனால் கப்பலை வாங்கிய கடனுக்கான வட்டி குளிர்காலத்திலும் ஏறிக்கொண்டேயிருக்கும். 1891 ஜனவரி 22ஆந் திகதி 'ஒகஸ்டா விக்டோரியா' என்ற புதிய கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார் பலின். தாமும் மனைவி மரியானும் அதில் ஏறிச் சென்றார்கள். ஏறக்குறைய இரண்டு மாதப் பயணம் வெற்றியாய் முடிந்தது. அது மலிவுப் பயணமன்று, செல்வந்தரின் பயணம். ஆயினும் பருவம் மாறும்போது கப்பலை வேறு கடலுக்கு நகர்த்த வேண்டும் என்ற அவரது வழி இன்றும் தொடர்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் கரீபியன் கடலுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பல்கள் இடம்மாறும்போது விற்கப்படும் பயணங்களே இன்றும் நாட்கணக்கிற் பார்த்தால் மிக மலிவானவை. பல நாள்கள் துறைமுகமே தென்படாது என்பதால் விடுமுறை குறைந்தவர்கள் அவற்றைத் தேடுவதில்லை.

அந்தக் கால அத்திலாந்திக் கப்பல்களின் உண்மையான வருமானம் மேல்தட்டுச் சீமான்களிடமிருந்து வந்ததன்று. கீழ்த்தட்டில் அடைந்து சென்ற ஏழைக் குடிபெயர்வோரின் சிறு கட்டணங்கள் சேர்ந்தே அது பெருகிற்று. 1924இல் ஐக்கிய அமெரிக்கா புதிய குடிவரவுச் சட்டத்தை இயற்றிற்று. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகை கடுமையாகக் குறைக்கப்பட்டது. ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய முற்றாக மூடப்பட்டது. கீழ்த்தட்டுகள் வெறுமையாயின. கப்பற் கம்பனிகள் அந்த இடங்களுக்கு வர்ணம் பூசி, துணி விரித்து, சிறு அறைகளாகப் பிரித்து, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' என்று பெயரிட்டு, அமெரிக்க ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விற்றன. நடுத்தர வகுப்பினர் கடல்கடந்து சுற்றுலாச் செல்லும் வழக்கம் பரவியது இவ்வாறுதான். ஒரு சாராருக்குச் சட்டம் மறுத்த படுக்கை, மற்றொரு சாராருக்கு மலிவு விலையில் விடுமுறையாகியது.

நம்மவருக்கு அக்காலத்தில் மலிவுப் பயணம் என்றால் வெறுந்தட்டில் பாய் விரிப்பதுதான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல், சென்னை, நாகபட்டினம் ஆகிய துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே அரைநூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஓடிற்று. ஆயிரக்கணக்கான தமிழர்கள் தட்டுப் பயணிகளாகவே மலாயாவை அடைந்தனர். அவர்களில் எவரும் அதை உல்லாசம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலிவின் மிகுதியை யார் கட்டுகிறார் என்ற இரண்டாவது கேள்விக்கு ஒரு முக்கியமான ஆண்டு 1922. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு நடைமுறையிலிருந்தது. அமெரிக்கக் கொடியேந்திய 'ரிலையன்ஸ்', 'ரெசொலூட்' என்ற இரு பயணிகள் கப்பல்களில் மது பரிமாற முடியாததால் வெளிநாட்டுக் கப்பல்களுடன் போட்டியிட இயலவில்லை. உரிமையாளர்கள் அவ்விரண்டையும் பனாமா நாட்டிற் பதிந்து கொடியை மாற்றினார்கள். மதுக்கிண்ணத்துக்காக மாற்றிய கொடி வேறு பல நன்மைகளையும் தந்தது. எந்த நாட்டின் கொடியோ அந்த நாட்டின் தொழிற்சட்டமும் வரிச்சட்டமுமே கப்பலுக்குப் பொருந்தும். இன்று மியாமியிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்களின் பின்புறத்தைப் பார்த்தால் நசாவ், பனாமா என்ற ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்கப் பயணி, அமெரிக்கத் துறைமுகம், ஆனால் சமையற்கட்டில் நிற்பவருக்கு அமெரிக்கக் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தாது. சீட்டு மலிந்ததற்கு இது ஒரு பெருங்காரணம்.

இதனிலும் கொடிய கணக்கு ஒன்று ஜேர்மனியில் நடந்தது. 1933 மே மாதம் 2ஆந் திகதி ஹிட்லரின் ஆட்சி தொழிற்சங்கங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு நவம்பரில் 'மகிழ்ச்சியின் மூலம் வலிமை' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1934 முதல் தொழிலாளர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நோர்வேக்கும் மதேராவுக்கும் கப்பலில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். வகுப்பு வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரேமாதிரி அறைகள் கொண்ட 'வில்ஹெல்ம் குஸ்ட்லொவ்' 1938இல் ஓடத் தொடங்கிற்று. உலக வரலாற்றில் தொழிலாளருக்குக் கிடைத்த மிக மலிவான உல்லாசக் கப்பற் பயணங்களுள் அவையும் அடங்கும். அவற்றுக்கான பணம் அத்தொழிலாளரின் சங்கங்களிடமிருந்து பறித்த சொத்திலிருந்தும் வந்தது. பயணிகள் பட்டியலில் யூதருக்கு இடமில்லை. 1945 ஜனவரி 30ஆந் திகதி, போரிலிருந்து தப்பியோடிய அகதிகளால் நிரம்பி வழிந்த நிலையில் அக்கப்பல் சோவியத் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. ஆயிரமாயிரம் பேர் மாண்டனர்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1939 மே 13ஆந் திகதி, பலின் வளர்த்தெடுத்த அதே நிறுவனத்தின் 'சென் லூயிஸ்' ஹம்பேர்க்கிலிருந்து கியூபாவுக்குப் புறப்பட்டது. 937 பயணிகளுள் மிகப் பெரும்பாலானோர் யூத அகதிகள். அவர்கள் முழுக் கட்டணம் செலுத்தியவர்கள். திரும்பிவரும் பயணத்துக்கான தொகையும் முற்கூட்டியே அவர்களிடம் அறவிடப்பட்டிருந்தது. கப்பலில் நீச்சல் தடாகம் இருந்தது. மாலையில் இசையும் நடனமும் இருந்தன. ஆனால் ஹவானாவில் அவர்களது இறங்கு அனுமதிப் பத்திரங்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மிகச் சிலரே கரையிறங்கினர். அமெரிக்காவும் கனடாவும் கதவைத் திறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பிற்று. பின்னர் நிகழ்ந்த பேரழிவில் அவர்களுள் 254 பேர் கொல்லப்பட்டார்கள். 2018 நவம்பரில் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார். பயணச்சீட்டு வேறு, பயணம் செய்யும் உரிமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கப்பலும் காட்டியதில்லை.

போருக்குப் பின் வந்த மாற்றம் ஆகாயத்தில் நிகழ்ந்தது. 1958 ஒக்டோபரில் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரமாகச் சுருங்கியது. மாபெரும் கப்பல்கள் ஆளின்றி ஓடின. இன்றைய உல்லாசக் கப்பற் தொழில் இந்த வெறுமையிலிருந்தே முளைத்தது. 1966இல் நோர்வே நாட்டவரான க்னுட் குளொஸ்டர் 'சன்வார்ட்' என்ற புதிய கப்பலைச் சவுதாம்ப்டனுக்கும் ஜிப்ரால்டருக்கும் இடையே ஓடவிட்டார். தாக்கரே சென்ற அதே வழி. ஆனால் ஜிப்ரால்டர் தொடர்பாக ஸ்பெயின் விதித்த கட்டுப்பாடுகளாலும், பிரித்தானியர் வெளிநாட்டுக்கு 50 பவுணுக்கு மேல் கொண்டுசெல்ல முடியாது என்ற விதியாலும் அந்தச் சேவை படுத்துவிட்டது. அதே வேளையில் மியாமியில் டெட் அரிசன் என்பவரிடம் முன்பதிவு செய்த பயணிகள் இருந்தார்கள், கப்பல் இருக்கவில்லை. தொலைபேசியில் இருவரும் பேசினார்கள். டிசெம்பரில் 'சன்வார்ட்' மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் புறப்பட்டது.

பின்னர் அரிசன் தனித்துப்போய், கனடியக் கம்பனி ஒன்றின் பழைய அத்திலாந்திக் கப்பலான 'எம்பிரஸ் ஒஃப் கனடா'வை வாங்கி 'மார்டி கிரா' என்று பெயர் மாற்றினார். 1972 மார்ச் 11ஆந் திகதி முதற்பயணத்தில், முந்நூறு பயண முகவர்களும் கப்பலில் இருக்க, மியாமித் துறைமுக வாயிலிலேயே அது மணல்மேட்டில் ஏறிநின்றது. நட்டம் பெருகிற்று. 1974இல் சுமார் 50 இலட்சம் டொலர் கடனைப் பொறுப்பேற்று, ஒரேயொரு டொலர் கொடுத்து அரிசன் கம்பனியைத் தமதாக்கிக்கொண்டார். எரிபொருள் விலையேற்றத்தைச் சமாளிக்கக் கப்பல் மெதுவாக ஓடிற்று, குறைந்த துறைமுகங்களைத் தொட்டது. ஊர்களைக் காட்டுவதைவிடக் கப்பலுக்குள்ளேயே கேளிக்கை காட்டுவது என்ற கொள்கை இந்த நெருக்கடியில் உருவானது. கார்னிவல் என்னும் அக்கம்பனி உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பற் குழுமமாக வளர்ந்தது.

இந்தக் கொள்கையே கடைசிநேர மலிவுச் சீட்டின் இரகசியம். முன்பதிவு செய்தோர் மிகுதிப் பணத்தைக் கட்டவேண்டிய இறுதிநாள் பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் வரும். அன்றைக்குப் பலர் விலகுவார்கள். அந்த அறைகள் மீண்டும் சந்தைக்கு வரும். கடைசி வாரங்களில் எஞ்சியவற்றை எந்த விலைக்கும் தள்ளிவிடக் கம்பனி தயங்காது. ஏனெனில் அறைக்குள் ஓர் ஆள் இருந்தால்தான் அவர் பானம் வாங்குவார், கரையோரச் சுற்றுலாவுக்குக் கட்டுவார், சூதாட்ட மேசையில் அமர்வார். ஆளில்லாத அறை எதையும் வாங்குவதில்லை. எனவே மலிவுச் சீட்டு வாங்குவோர் முழுச் செலவையும் எழுதிப் பார்க்க வேண்டும். பல கப்பல்களில் பணியாளருக்கான அன்பளிப்புத் தொகை நாளொன்றுக்கு ஆளொருவருக்கு 15 முதல் 20 டொலர் வரை கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. துறைமுகத்துக்குப் போகும் செலவு, கடைசி நேரத்தில் எடுக்கும் விமானச் சீட்டு, காப்புறுதி என்று கூட்டினால் அறை விலை மொத்தத்தில் பாதியாகக்கூட இராது.

அந்த அன்பளிப்புத் தொகையை நீக்கச் சொல்லிப் பணம் மீதப்படுத்துவோரும் உளர். அதை மட்டும் செய்யவேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கப்பற் தொழிலாளிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது அது. உலகம் முழுதும் போராடிப் பெற்ற பாதுகாப்பே இவ்வளவுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிள்ளைகள் பல மாதங்கள் தொடர்ச்சியாக வாராந்த விடுமுறையின்றி அந்தத் தட்டுகளில் உழைக்கிறார்கள். 2020 ஏப்ரலில், கொவிட் தொற்றினால் துறைமுகங்கள் எல்லாம் மூடப்பட்டிருந்த வேளையில், இத்தாலியை நோக்கிச் சென்ற உல்லாசக் கப்பல் ஒன்று எரிபொருளுக்காகக் கொழும்பை நெருங்கியது. அதில் வேலைசெய்த இலங்கைச் சமையற்காரர் ஒருவர் தம்மைச் சொந்த மண்ணில் இறக்கிவிடுமாறு காணொளி மூலம் மன்றாடினார். கடற்படையினர் படகிற் சென்று அவரை இறக்கி வந்தனர். ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்று கெஞ்ச வேண்டியிருந்த அந்த மனிதர், நமது மலிவுச் சீட்டின் மறுபக்கம்.

இனி என் மருமகனுக்குச் சொன்ன மறுமொழி. அவன் பார்த்த சீட்டின் விலை நியாயமானதே. துறைமுகத்துக்கு இரயிலிற் போகலாம், விமானச் செலவில்லை. ஜன்னலில்லாத உள்ளறை என்பதும் குறையன்று. நான் கேட்டது ஒன்றையே: "பிள்ளையின்ர கடவுச்சீட்டு எது?"

அவர்கள் 2000ஆம் ஆண்டில் வவுனியாவில் மணம் முடித்தவர்கள். மறு ஆண்டே அவன் புறப்பட்டுவிட்டான். கலேயிலிருந்து டோவருக்கு அவன் கடல் கடந்தது, படகுச் சேவைக் கப்பலின் அடித்தட்டில் நிறுத்தப்பட்ட பார ஊர்தி ஒன்றினுள், பெட்டிகளுக்கிடையில் மூச்சடக்கிக்கொண்டு. வழக்குகள் முடிந்து, குடியுரிமை பெற்று, மனைவியை அழைத்துக்கொள்ள 2021ஆம் ஆண்டாகிவிட்டது. வெள்ளிவிழாக் காணும் திருமணத்தில் இருவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது ஐந்தாண்டுதான். அவள் கையிலிருப்பது இன்றும் இலங்கைக் கடவுச்சீட்டு. பிரித்தானியாவில் வசிக்கும் அனுமதி இருந்தாலும் நோர்வேயில் இறங்க ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்குப் பதினைந்து நாள்களுக்கு முன்னராவது கையளிக்க வேண்டும். முடிவு சொல்ல இன்னுமொரு பதினைந்து நாள்கள் வரை எடுக்கலாம். கோடைகாலத்தில் நேர்முக நாள் கிடைப்பதே அரிது. கடைசிநேரச் சீட்டு என்பது கடைசி நேரத்தில் புறப்படக்கூடியவர்களுக்கு உரியது. வலிமையான கடவுச்சீட்டு உள்ளவனுக்கு மூன்று வாரம் தாராளம். மற்றவர்களுக்கு மூன்று வாரம் என்பது வரிசையில் நிற்கவே போதாது. பணத்தைக் கட்டியபின் துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் ஒரு பவுணும் மீளக் கிடையாது.

ஆகவே விசா கேட்காத கடலைப் பார் என்றேன். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து ஷெட்லாந்தின் தலைநகரான லேர்விக்குக்கு இரவுதோறும் ஒரு கப்பல் போகிறது. நேரே போனால் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். படுக்கையறை உண்டு, உணவகம் உண்டு, மேல்தட்டு உண்டு. மாலையில் ஏறி, காலையில் இறங்கி, பகல் முழுதும் தீவைச் சுற்றி, மீண்டும் மாலையில் ஏறலாம். எல்லாம் ஒரே நாட்டுக்குள் என்பதால் எந்தத் தூதரகத்தின் வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை. 2002 வரை அந்தச் சேவையைப் பி அன் ஓ குழுமத்தின் கம்பனியே நடத்தியது. இன்று வேறொரு நிறுவனம் ஸ்கொட்லாந்து அரசின் மானியத்துடன் நடத்துகிறது. அறை ஏன் வெறுமையாக இருக்கிறது, மிகுதியை யார் கட்டுகிறார் என்ற இரு கேள்விகளுக்கும் இங்கே நேர்மையான மறுமொழி உண்டு. தீவு மக்களுக்காக வெயிலோ புயலோ கப்பல் ஓடியாக வேண்டும். அதற்கான பணத்தை நாடு வெளிப்படையாகக் கொடுக்கிறது. 1844இன் தபால் கப்பலைப் போல.

இலண்டனிலிருந்து அபர்டீனுக்கு இரவுப் பேருந்து, இரண்டு இரவுகளுக்குக் கப்பலில் அறை, லேர்விக்கில் ஒரு பகற்பொழுது, திருமண நாளன்று துறைமுகத்தருகே மீனும் கிழங்குமாக ஒரு விருந்து. அறுநூறு பவுணில் ஐம்பது மிஞ்சியதாம். அன்று லேர்விக் கடலில் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றும் நங்கூரமிட்டிருந்தது. அதன் பயணிகளும் இவர்களும் ஒரே தெருவில் நடந்திருக்கிறார்கள்.

கப்பற் துறைக்கு அருகே நீரோரமாக நிற்கும் பழைய வீடொன்றின் படத்தையும் அவன் அனுப்பியிருந்தான். அழகாயிருந்ததால் எடுத்ததாகச் சொன்னான். ஆதர் அண்டர்சன் பிறந்த வீடு அதுதான் என்று எழுதினேன். அதற்கு அவன் அனுப்பிய மறுமொழியில் அண்டர்சனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. "மாமா, நாங்கள் ரெண்டுபேரும் விடியுமட்டும் மேல்தட்டிலைதான் நிண்டனாங்கள். கப்பலிலை இருந்து கடலைப் பாத்தது எனக்கு இதுதான் முதல்தரம்" என்று எழுதியிருந்தான்.